செஸ் இன்ஜின்களில் எது சிறந்தது? காவேரிப்பட்டணத்து அப்பாவுக்கு ஒரு பதில்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருந்தார்: "என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஃபிடே ரேட்டிங் 1480. செஸ் ஆடும் மென்பொருளான இன்ஜினுக்கு ஸ்டாக்ஃபிஷ், லீலா, கொமோடோ, ஃப்ரிட்ஸ் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். எது பலமானது, ஒவ்வொன்றிலும் என்ன வசதி? கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் இருந்தால்தான் சரியாக ஓடும், 95 ஆயிரம் ஆகும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?"

வணக்கம் அண்ணா. பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 95 ஆயிரத்தை இப்போது செலவழிக்க வேண்டாம். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போனில் இலவசமாக ஓடும் ஸ்டாக்ஃபிஷ், இன்று உயிரோடு இருக்கும் எந்த மனிதரையும்விடப் பலமாக ஆடும். நான் தருமபுரியில் பதினாறு வருடமாக வார இறுதிகளில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தருகிறேன். அத்தனை பேரில் ஒரு பிள்ளைகூட இன்ஜின் பலம் போதவில்லை என்பதால் பின்தங்கியதில்லை.

பலம் என்ற கேள்வி மனிதர்களைப் பொறுத்தவரை எப்போதோ முடிந்துவிட்டது. 1997 இல் டீப் ப்ளூ என்ற கம்ப்யூட்டர் உலக சாம்பியன் காஸ்பரோவை 3.5-2.5 என்று ஜெயித்தது. அதற்காக ஐபிஎம் தனியாக சிப்புகளே செய்ய வேண்டியிருந்தது, நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும் பெரிய இயந்திரம் அது. 2006 இல் ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃப்ரிட்ஸ் அப்போதைய உலக சாம்பியன் கிராம்னிக்கை 4-2 என்று ஜெயித்தபோது சாதாரண இன்டெல் சிப்புகள் போட்ட கம்ப்யூட்டரே போதுமானதாக இருந்தது. அந்த மேட்சில் ஓர் ஆட்டத்தில் ஒரே நகர்வில் செக்மேட் வருவதைக் கிராம்னிக் கவனிக்காமல் விட்டார். அதற்குப் பிறகு எந்த உலக சாம்பியனும் இன்ஜினோடு சமமாக உட்கார்ந்து பெரிய மேட்ச் ஆடவில்லை. 2016 இல் கொமோடோவும் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுராவும் ஆடியபோது கொமோடோ ஒவ்வோர் ஆட்டத்திலும் ஏதாவது விட்டுக்கொடுத்தே தொடங்கியது. அப்படியும் 2.5-1.5 என்று ஜெயித்தது.

ஆகவே "எது பலமானது" என்பது இன்று இன்ஜின்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. இன்ஜின்களுக்கு ரேட்டிங் போடும் சிசிஆர்எல் போன்ற பட்டியல்களில் ஸ்டாக்ஃபிஷ் 3600-ஐத் தாண்டி நிற்கிறது. அது இன்ஜின்களோடு மட்டும் ஆடி வந்த எண். கார்ல்சனின் உச்சமான 2882-உடன் அதை ஒப்பிட்டு "700 புள்ளி வித்தியாசம்" என்று சொல்வது தவறு, இரண்டும் வேறு வேறு தராசு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மேல்மட்ட இன்ஜின்களைச் சாதாரணத் தொடக்க நிலையிலிருந்து ஆடவிட்டால் ஏறக்குறைய எல்லா ஆட்டமும் டிராவில் முடிந்துவிடும். அதனால் டிசிஇசி போன்ற இன்ஜின் போட்டிகளில் ஒரு பக்கத்துக்குச் சாதகமான ஓப்பனிங்குகளை முன்கூட்டியே வைத்து, பக்கத்தை மாற்றி மாற்றி ஆடவிடுகிறார்கள். அப்படி வலிந்து பிரித்தால்தான் தெரியும் வித்தியாசம் உங்கள் மகளின் ஆட்டத்தில் எங்கே வந்து பயன்படப் போகிறது?

உண்மையான வித்தியாசம் அவை யோசிக்கும் விதத்தில் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு நம் ஊர்ச் சந்தையை வைத்துத்தான் விளக்குவேன்.

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் கூடை கூடையாக வாங்கும் வியாபாரியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கூடையில் கையை விட்டதும் அழுகல் வந்தால் மிச்சத்தைப் பார்க்க மாட்டார், அடுத்த கூடைக்குப் போய்விடுவார். அந்தக் கூடை எவ்வளவு மோசம் என்பது அவருக்குத் தேவையில்லை. முன்பு பார்த்த நல்ல கூடையைவிட இது மோசம் என்று தெரிந்தால் போதும். ஸ்டாக்ஃபிஷ் தேடுவது இப்படித்தான். ஒரு நகர்வுக்கு எதிராளியிடம் ஒரே ஒரு நல்ல பதிலடி இருக்கிறது என்று கண்டதும் அந்தக் கிளையை அப்படியே வெட்டிவிடும். ஆல்ஃபா-பீட்டா தேடல் என்பது இதுதான். வெட்டிக்கொண்டே போவதால் ஆழமாகப் போக முடிகிறது. சாதாரண லேப்டாப்பிலேயே நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் நிலைகளைப் பார்க்கும்.

லீலா வேறு வகை. சந்தூர்ப் பக்கம் மாந்தோப்பில் பூ பிடித்திருப்பதைப் பார்த்தே "இந்தத் தோப்புக்கு இவ்வளவு" என்று விலை சொல்லும் குத்தகைக்காரர் மாதிரி. அவர் காய்களை எண்ணுவதில்லை. பல வருடம் பார்த்த கண் சொல்கிறது. லீலா தனக்குத்தானே கோடிக்கணக்கான ஆட்டம் ஆடி அந்தக் கண்ணை வளர்த்துக்கொண்டது. இந்த வழியை முதலில் காட்டியது கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் செய்த ஆல்ஃபாஜீரோ. 2017 டிசம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 8-உடன் 100 ஆட்டம் ஆடி 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்வியும் இல்லை என்று அறிவித்தார்கள். அப்போது ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு 7 கோடி நிலைகளைப் பார்த்தது, ஆல்ஃபாஜீரோ வெறும் 80 ஆயிரம். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாக மட்டுமே பார்த்துவிட்டு ஜெயிக்க முடிகிறது என்றால், எண்ணுவதும் கண்ணும் இரண்டு வெவ்வேறு திறமைகள் என்றாகிறது. ஆல்ஃபாஜீரோவை அவர்கள் வெளியே கொடுக்கவில்லை. கட்டுரையில் எழுதியதை வைத்து 2018 இல் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கியதுதான் லீலா. தொடங்கிவைத்த கேரி லின்ஸ்காட் ஸ்டாக்ஃபிஷிலும் வேலை செய்தவர்தான். 2019 இலேயே லீலா டிசிஇசி கோப்பையை வென்றது.

சரி, இன்று ஏன் மறுபடியும் ஸ்டாக்ஃபிஷ் மேலே இருக்கிறது? கண்ணையும் கடன் வாங்கிக்கொண்டதால். 2018 இல் யு நாசு என்ற ஜப்பானியர் ஷோகி என்ற ஜப்பானியச் செஸ் ஆட்டத்துக்காக என்.என்.யு.இ. என்றொரு சின்ன நரம்பு வலையமைப்பை, அதாவது நிறைய நிலைகளைப் பார்த்துப் பழகி மதிப்பிடும் நிரலை, உருவாக்கினார். ஒரு நகர்வில் பலகையில் ஒன்றிரண்டு காய்கள்தான் இடம் மாறுகின்றன. அதனால் முழுக் கணக்கையும் புதிதாகப் போடாமல் மாறிய பகுதியை மட்டும் திருத்தினால் போதும் என்பது அதன் சூட்சுமம். இதனால் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் சாதாரண பிராசஸரிலேயே வேகமாக ஓடும். 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 இதைச் சேர்த்துக்கொண்டது. 2024 இல் வந்த 16.1 இல், மனிதர்கள் கையால் எழுதிவைத்த பழைய மதிப்பீட்டு விதிகளையே முழுவதும் எடுத்துவிட்டார்கள். ஒரு சேதி எனக்கு மிகவும் பிடிக்கும்: ஸ்டாக்ஃபிஷின் வலையமைப்பைப் பயிற்றுவிக்க லீலா ஆடிய ஆட்டங்களின் தரவையே பயன்படுத்துகிறார்கள். வெளியே போட்டி, உள்ளே கொடுக்கல் வாங்கல்.

இப்போது நீங்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் வருகிறேன்.

ஸ்டாக்ஃபிஷ் நார்வேக்காரர் தோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய கிளவ்ருங் என்ற நிரலிலிருந்து வந்தது. இத்தாலியின் மார்கோ கோஸ்டல்பா அதை எடுத்துச் செப்பனிட்டு 2008 இல் வெளியிட்டார். ஸ்டாக்ஃபிஷ் என்றால் காயவைத்த காட் மீன், நம் கருவாடு மாதிரி. நார்வேயில் பிடித்து இத்தாலியில் சமைத்தது என்பதால் அந்தப் பெயர். அன்றிலிருந்து இன்றுவரை இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாடு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு மாற்றத்தை முன்வைக்கலாம். தன்னார்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களைக் கடன் கொடுக்கிறார்கள். புதியதையும் பழையதையும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதவிட்டு, உண்மையிலேயே முன்னேற்றம் என்று கணக்கு காட்டினால்தான் சேர்ப்பார்கள். பணம் கொடுத்து வாங்கும் எந்த இன்ஜினும் இந்த உழைப்பைத் தாண்ட முடியவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. டிராய்ட்ஃபிஷ் என்ற ஆண்ட்ராய்டு செயலியிலும் இலவசச் செஸ் தளமான லிசெஸிலும் உள்ளே ஓடுவது இதுவேதான். மல்ட்டி பிவி என்ற அமைப்பை 3 என்று வைத்தால் சிறந்த மூன்று நகர்வுகளை ஒன்றாகக் காட்டும். உங்கள் மகளுக்கு ஒற்றைப் பதிலைவிட இந்த மூன்று பதில்தான் அதிகம் சொல்லித்தரும். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் அங்கே தேர்வு அவள் ரசனை. பெரிய வித்தியாசம் என்றால் அங்கே ஏதோ ஒன்றை அவள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று பொருள்.

லீலாவும் இலவசம்தான். ஆனால் முழுப் பலத்தோடு ஓட நல்ல கிராபிக்ஸ் கார்டு கேட்கும், கடைக்காரர் சொன்னது இந்த அளவில் சரி. நிலையைப் பார்க்கும் அதன் நோக்கு அழகு. ஓரத்துச் சிப்பாயை ராஜாவை நோக்கி முன்னேற்றிக்கொண்டே போய் எதிராளியை மூச்சுத்திணற வைக்கும் பாணி ஆல்ஃபாஜீரோவிடமும் லீலாவிடமும் இருந்து பெரிய ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டதுதான். குறையும் உண்டு. கூர்மையான டாக்டிக்ஸ் நிலைகளில் நீளமான ஒற்றை வழியை ஸ்டாக்ஃபிஷ் கண்டுவிடும் இடத்தில் லீலா தாமதிக்கலாம். ஆரம்ப கால லீலா ஜெயிக்கும் நிலையில் நாலு நகர்வில் முடிப்பதை விட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குத் தெரிந்தது வெற்றி வாய்ப்பு மட்டும்தான். இப்படி ஆடினாலும் வெற்றி உறுதி, அப்படி ஆடினாலும் உறுதி என்றால் எதற்கு அவசரம் என்று ஆடியது. 2200-க்கு மேல் போய்ச் சொந்தமாக ஓப்பனிங் தயாரிக்கும் காலத்தில் லீலாவைப் பற்றி மறுபடி பேசலாம்.

கொமோடோவை டான் டெய்லி தொடங்கினார், கிராண்ட்மாஸ்டர் லாரி காஃப்மன் கூட இருந்தார். 2013 இல் டெய்லி காலமான பிறகு மார்க் லெஃப்ளர் தொடர்ந்தார். 2018 முதல் செஸ்.காம் வசம் இருக்கிறது. கொமோடோ டிராகன் என்று 2020 இல் இதற்கும் நரம்பு வலை வந்தது. இதன் சிறப்பு ஆட்டக் குணங்கள். தாக்கி ஆடுவது, தற்காத்து ஆடுவது என்று பாணியை மாற்றிக்கொள்ளலாம். செஸ்.காமில் உங்கள் மகள் ஆடும் பாட் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இதன் பல முகங்கள்தான். தனியாக வாங்கத் தேவையில்லை.

ஃப்ரிட்ஸ் என்பதை இன்ஜினாக மட்டும் பார்க்கக் கூடாது. அது ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் விற்கும் ஒரு முழுப் பெட்டி: பலகை, ஆட்டத் தொகுப்பு, பயிற்சி, அதோடு ஓர் இன்ஜின். உள்ளே இருக்கும் இன்ஜினை எழுதியவர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் ஃபிரான்ஸ் மோர்ஷ், ஃப்ரிட்ஸ் 15 வந்தபோது ரிப்கா என்ற இன்ஜினை எழுதிய வாஸிக் ராஜ்லிச். விண்டோஸில் மட்டும் ஓடும், விலை உண்டு. அதன் திரை அமைப்பும் ஆட்டங்களைத் தேடும் வசதியும் உண்மையிலேயே நன்றாக இருக்கும். 2021 பிப்ரவரியில் ஃபேட் ஃப்ரிட்ஸ் 2 என்று அதே நிறுவனம் விற்றது ஸ்டாக்ஃபிஷின் நிரலில் வேறு வலையமைப்பைப் பொருத்தியதுதான். உரிம விதிகளை மீறியதாக ஸ்டாக்ஃபிஷ் குழு வழக்குப் போட்டது. 2022 நவம்பரில் சமரசமாகி, ஸ்டாக்ஃபிஷ் நிரல் உள்ள பொருட்களை ஓர் ஆண்டு விற்பதில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வண்ணப் பெட்டியில் வருவதெல்லாம் உள்ளே புதியது என்று நினைத்துவிடக் கூடாது.

இந்த இன்ஜின்கள் எல்லாம் பெரும்பாலும் யுசிஐ என்ற பொது மொழியில் பேசுபவை. 2000 இல் ஷ்ரெடர் என்ற இன்ஜினை எழுதிய ஸ்டெஃபான் மேயர்-காலனும் ருடால்ஃப் ஹூபரும் வகுத்தது. அதனால் ஒரு பலகைச் செயலியை வைத்துக்கொண்டு இன்ஜினை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பலகை வேறு, மூளை வேறு. ஸ்கிட், அரீனா போன்ற இலவசப் பலகைகளே போதும்.

நீங்கள் கேட்காத ஒரு பெயரை நான் சேர்க்கிறேன்: மாயா. என் கருத்தில் 1480 ரேட்டிங் பிள்ளைக்கு இதுதான் முக்கியம். டொரொன்டோ, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் 2020 இல் வெளியிட்டார்கள். சிறந்த நகர்வைத் தேடாமல், இந்த ரேட்டிங்கில் இருக்கும் மனிதர் எதை ஆடுவார் என்று ஊகிப்பதே இதன் வேலை. லிசெஸில் மனிதர்கள் ஆடிய கோடிக்கணக்கான ஆட்டங்களைப் படித்து, 1100 முதல் 1900 வரை ஒவ்வொரு நூறுக்கும் ஒன்று என ஒன்பது மாதிரிகள் செய்தார்கள். ஸ்டாக்ஃபிஷையும் பலம் குறைத்து ஆடவைக்கலாம், குறைந்தது 1320 வரை இறக்கலாம். ஆனால் அதன் பலவீனம் செயற்கையானது. பத்து நகர்வு கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடிவிட்டுத் திடீரென்று காரணமே இல்லாமல் ஒரு குதிரையைக் கொடுத்துவிடும். எந்த மனிதரும் அப்படித் தோற்பதில்லை. மாயா செய்யும் தவறுகள் சேலத்திலும் ஓசூரிலும் போட்டி மேசையில் எதிரே உட்காரும் பிள்ளை செய்யும் தவறுகள். லிசெஸில் மாயா பாட்கள் இருக்கின்றன, இலவசமாக ஆடலாம்.

அடுத்து அந்த எண். திரையில் +1.3, -0.6 என்று வருகிறதே, அதை நம் பெற்றோர்கள் மார்க் மாதிரி படிக்கிறார்கள். 2022 இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் +1.00 என்பதன் பொருள் இது: இந்த நிலையிலிருந்து ஸ்டாக்ஃபிஷ் தன்னோடு தானே ஆடினால் வெள்ளை ஜெயிக்கும் வாய்ப்பு 50 சதவீதம். கவனியுங்கள், ஸ்டாக்ஃபிஷ் ஆடினால். இரண்டு 1480 ஆட்டக்காரர்கள் ஆடினால் அந்த +1 அடுத்த நகர்விலேயே தலைகீழாகலாம். "ஏன் 0.7-லிருந்து 0.2-க்கு இறக்கினாய்" என்று மகளைக் கேட்காதீர்கள் அண்ணா. அந்த அரைப் புள்ளியை அவள் வயதில் யாராலும் காப்பாற்ற முடியாது.

எண் மொத்தமாகவே ஏமாற்றும் இடமும் உண்டு. பலகையில் வைத்துப் பாருங்கள்: வெள்ளையிடம் ராஜா, வெள்ளைக் கட்டங்களில் ஓடும் பிஷப், ஹெச் வரிசையில் ஒரு சிப்பாய். கறுப்பிடம் ராஜா மட்டும், அது ஹெச் 8 மூலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த மூலை கறுப்புக் கட்டம். பிஷப்பால் அதைத் தொடவே முடியாது. வெள்ளை எவ்வளவு முயன்றாலும் ஸ்டேல்மேட், டிரா. காய்க் கணக்குப்படி வெள்ளை ஒரு பிஷப்பும் சிப்பாயும் மேல். இந்த விதியைச் சொல்லிக்கொடுக்காத பழைய இன்ஜின்கள் வெள்ளைக்குப் பெரிய வெற்றி என்றே காட்டிக்கொண்டிருந்தன. இன்று இதற்கு டேபிள்பேஸ் இருக்கிறது. பலகையில் மிஞ்சும் காய்கள் குறைவாக இருக்கும்போது எல்லா நிலைகளையும் முன்பே கணக்குப் போட்டுவைத்த பதில் பட்டியல் அது. ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிசிஜி வகையில் ஐந்து காய் வரை 1 ஜிபிக்குள் அடங்கும், ஆறு காய் சுமார் 150 ஜிபி, 2018 இல் முடிந்த ஏழு காய் சுமார் 18 ஆயிரம் ஜிபி. ஏழு காய் வரை லிசெஸிலேயே இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம். அங்கே வருவது மதிப்பீடு இல்லை, உறுதியான விடை.

எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் மேலே சொன்ன அத்தனையையும்விடப் பெரிது. சில வருடம் முன்பு என்னிடம் பென்னாகரத்துப் பையன் ஒருவன் படித்தான். நல்ல புத்தி. சிசிலியன் என்ற ஓப்பனிங்கில் இருபது நகர்வு வரை இன்ஜின் வழியை மனப்பாடம் செய்துகொண்டு ஒரு போட்டிக்கு வந்தான். எதிரே உட்கார்ந்த சின்னப் பெண் ஒன்பதாவது நகர்விலேயே வேறு எதையோ ஆடினாள். அது மோசமான நகர்வு, இன்ஜினைக் கேட்டால் கறுப்புக்குச் சாதகம் என்றே சொல்லும். ஆனால் ஏன் மோசம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் யோசித்து, நேரம் போய்த் தோற்றான். அவன் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தவறு என்னுடையதும்தான். விடையை மட்டும் வாங்கிக்கொள்ள விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரே முறைதான். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டை வைத்துக்கொண்டு மரப்பலகையில் மறுபடி ஆட வேண்டும். எங்கே பயந்தாள், எங்கே கணக்கு தப்பியது, எதை ஆட நினைத்து விட்டாள் என்று சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும். இன்ஜினைத் திறப்பது அதற்குப் பிறகு. அப்போதும் மதிப்பீட்டுப் பட்டையை மறைத்துவிட்டு, அவள் எழுதிய இடங்களை மட்டும் கேட்க வேண்டும். இன்ஜின் சொன்ன நகர்வு புரியவில்லை என்றால், தன் நகர்வை ஆடிவிட்டு "சரி, இதற்கு என்ன பதில்" என்று அதையே கேட்கலாம். இரண்டு மூன்று பதிலடியில் காரணம் வெளியே வந்துவிடும். ஜெயித்த எண்ட்கேம் ஒன்றை எடுத்து முழுப் பலமுள்ள ஸ்டாக்ஃபிஷுக்கு எதிராக ஆடி முடிப்பதும் நல்ல பயிற்சி. அங்கே அது தற்காக்கும் விதம் எந்தப் பயிற்சியாளராலும் காட்ட முடியாதது.

இது என் சொந்தப் பிடிவாதம் மட்டும் இல்லை. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, குகேஷ் 2500-ஐத் தாண்டும் வரை இன்ஜினைப் பக்கத்தில் விடாமல் வளர்த்ததை இருவருமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைதான் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். எல்லாப் பிள்ளைக்கும் அதே கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆட்டத்துக்குப் பிறகு அரை மணி நேரம் இன்ஜின் தவறில்லை.

போட்டி அரங்குக்குப் போகும்போது மட்டும் அவள் போனை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பையில் அணைத்து வைத்திருந்தாலும் சிக்கல் வரலாம், ஆட்டமே போய்விடும்.

கடைசியாக லேப்டாப். பத்தாம் வகுப்புக்குப் பிறகு படிப்புக்கென்று எப்படியும் ஒன்று வாங்குவீர்கள். அப்போது நாலு கோர் பிராசஸர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இருந்தால் ஸ்டாக்ஃபிஷுக்குத் தாராளம். ஸ்டாக்ஃபிஷ் கிராபிக்ஸ் கார்டைத் தொடவே தொடாது, ஆகவே அதற்கென்று ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். அதுவரை போனில் டிராய்ட்ஃபிஷை இறக்கி, மல்ட்டி பிவியை 3 ஆக்கி, போன் சூடானால் பத்து நொடியில் நிறுத்திவிடுங்கள். அவள் ரேட்டிங்குக்கு அந்தப் பத்து நொடி போதும். மீதிப் பணத்தில் சென்னை, கோவை என்று நாலைந்து ரேட்டிங் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தருமபுரி வந்தால், கடைசியாகத் தோற்ற மூன்று ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். உட்கார்ந்து பார்ப்போம்.